ட்ரஸ்ட்டுக்கு ஃபிளாட்ட லீசுக்கு விடப் போறீங்களா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

சேலத்துல லீஸ்னு சொன்னாலே பாதி பேருக்கு போக்கியம்தான் ஞாபகம் வரும், அஞ்சோ ஆறோ லட்சத்த மொத்தமா வாங்கிக்கிட்டு வாடகை இல்லாம விடறது, காலி பண்றப்ப அப்படியே திருப்பிக் குடுக்கறது. நான் சொல்றது அது இல்லீங்க. ஒரு ட்ரஸ்ட்டோ சங்கமோ உங்ககிட்ட ஃபிளாட்ட மாச வாடகைக்கு ரெண்டு மூணு வருஷம் எடுத்து, சொந்தமா அட்வான்ஸ் கட்ட வழியில்லாத குடும்பத்த அதுல குடிவைக்கறது. நல்ல காரியம்தான், நானும் சூரமங்கலத்துல இருக்க எங்க ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ட அப்படி ஒரு தடவை விட்டிருக்கேன், இன்னொரு தடவையும் விடுவேன், ஆனா மொத தடவை பண்ண தப்ப பண்ண மாட்டேன்.

மொதல்ல "இது கவர்மென்ட் ஸ்கீம் சார்"னு யாராவது சொன்னா கொஞ்சம் நில்லுங்க. மத்திய அரசு 2020-ல கொண்டுவந்த மலிவு வாடகை குடியிருப்பு திட்டத்துல காலியா கெடந்த அரசு வீடுகள வாடகைக்கு மாத்தறது ஒரு வழி, காலி நிலத்துல கொறஞ்சது 40 வீடாவது புதுசா கட்டறது இன்னொரு வழி. உங்க ஒத்த ஃபிளாட் இது ரெண்டுலயும் வராது. அயர்லாந்து மாதிரி நாட்டுல கவுன்சிலே, அதாவது நம்ம மாநகராட்சி மாதிரி உள்ளாட்சியே, தனியார் வீட்ட பத்து வருஷம் இருவது வருஷம்னு எடுத்து, மார்க்கெட்ட விட கொஞ்சம் கம்மியா ஆனா தவறாம வாடகை குடுத்திருக்கு. இங்க நீங்க கையெழுத்து போடறது ஒரு ட்ரஸ்ட்டோட மட்டும்தான், பின்னாடி அரசாங்கம் நிக்கும்னு நெனைச்சுக்காதீங்க.

வாடகைக் கணக்க பேப்பர்ல போட்டுப் பாருங்க. வெளிய 9,000 போகுதுன்னு வெச்சுக்குவோம், ட்ரஸ்ட் 7,500 தர்றேங்குது. கேட்டதும் நஷ்டம் மாதிரி தெரியும். ஆனா வெளிய விட்டா வருஷத்துல ஒரு மாசம் காலியா கெடந்தா 99,000, அதுல புரோக்கருக்கு ஒரு மாசம் போனா 90,000. ட்ரஸ்ட் பன்னெண்டு மாசமும் குடுத்தா அதுவும் 90,000 தான். அதனால வாடகை கொறையறது பெரிய ரிஸ்க்கே இல்ல, குடி மாறாத வீடா இருந்தா மட்டும் வருஷத்துக்கு பதினெட்டாயிரம் விட்டுக்குடுக்கறீங்க, அத தர்மக் கணக்குல எழுதிக்குங்க.

நெஜமான ரிஸ்க் நடுவுல இருக்கவங்க காணாம போனா என்ன ஆகுங்கறதுதான். ஒரு ஏஜென்ட் ஓனர்கிட்ட மாச வாடகைக்கு எடுத்துட்டு, அதே வீட்ட ஒரு குடும்பத்துக்கு போக்கியம்னு சொல்லி மொத்தப் பணம் வாங்கி, நாலு மாசம் ஓனருக்கு வாடகை கட்டிட்டு ஃபோன ஆஃப் பண்ணிடறது பெரிய ஊர்ல எல்லாம் நடந்த கதை. ஓனர் போய் கதவத் தட்டினா உள்ள இருக்கறவங்க "நாங்க அஞ்சு லட்சம் குடுத்திருக்கோம்"னு அழுவாங்க. யார வெளிய போகச் சொல்லுவீங்க? இதுக்காகவே அக்ரிமென்ட்ல ரெண்டு வரி கட்டாயம் வேணும். குடும்பத்துக்கிட்ட ட்ரஸ்ட் அட்வான்ஸோ போக்கியமோ எந்தப் பேர்லயும் மொத்தப் பணம் வாங்கக் கூடாதுங்கறது ஒண்ணு. ட்ரஸ்ட் விலகினா ஒண்ணு அவங்களே வீட்ட காலியா ஒப்படைக்கணும், இல்லைனா நீங்க அந்தக் குடும்பத்த நேரா வாடகைக்கு வெச்சுக்கலாம், அதுக்கு எவ்வளவு வாடகைங்கறதயும் இப்பவே எழுதிடணும்ங்கறது இன்னொண்ணு. அந்தக் குடும்பத்தயும் ஒரு தடவை உக்கார வெச்சு இத வாயால சொல்லிடுங்க, பத்திரத்துல இருக்கறது அவங்களுக்கு தெரியவே தெரியாது.

நம்ம தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017-ல போட்டது, 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. அதுப்படி அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதாரிட்டில, அதாவது இதுக்குன்னு அரசாங்கம் போட்ட அதிகாரிகிட்ட, பதிவு பண்ணி நம்பர் வாங்கணும். ஓனரோட எழுத்து சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட முடியாது, இந்த ஏற்பாடே உள்வாடகைதான், அதனால எந்த குடும்பத்துக்கு, எத்தன பேருக்குன்னு பேர் போட்டு சம்மதம் குடுங்க, மொத்தமா "யாருக்கு வேணும்னாலும் விடலாம்"னு எழுதித் தராதீங்க. வேற மாதிரி பேசிக்கலைனா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்க முடியாது, 7,500-க்கு 22,500. மூணு மாசம் பாக்கி விழுந்தா அந்த அட்வான்ஸ் தீந்துது, அதனால ரெண்டாவது மாசமே நோட்டீஸ் விடணும், "பாவம் நல்ல காரியம் பண்றாங்க"னு நான் அஞ்சு மாசம் பொறுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல லீஸ்னா பத்திர ஆபீஸ்லயும் ரிஜிஸ்டர் பண்ணியாகணும்.

ஹோம் லோன் ஓடிட்டு இருந்தா இத கவனிங்க, நெறைய பேருக்கு தெரியாது. அடமானத்துல இருக்க கட்டடத்த ஓனர் தானா மூணு வருஷத்துக்கு மேல லீசுக்கு விட சொத்து மாற்றச் சட்டம் எடம் குடுக்கல, பேங்க் சம்மதம் வேணும். மூணு வருஷத்துக்குள்ளயா இருந்தாலும் லோன் பத்திரத்த ஒரு தடவை படிச்சுட்டு பேங்க்ல கேட்டு லெட்டர் வாங்கிடறது நல்லது.

ட்ரஸ்ட்ட எப்படி பாக்கறதுன்னா, ட்ரஸ்ட் டீட் காப்பி, பான், கையெழுத்து போடறவருக்கு அதிகாரம் குடுத்த தீர்மானம், கடைசி மூணு வருஷ ஆடிட் கணக்கு. இதெல்லாம் எல்லாரும் குடுத்துடுவாங்க. அதுக்கு மேல ஒண்ணு கேளுங்க, வாடகைக்கு காசு எங்கிருந்து வருது, அது எத்தன வருஷத்துக்குன்னு. எங்களுக்கு நடந்தது இதுதான், லீஸ் மூணு வருஷம், அவங்களுக்கு கம்பெனி குடுத்த நிதி ஒரு வருஷம். பதிமூணாவது மாசம் வாடகை நின்னுச்சு. அவங்க ஏமாத்தல, அவங்களுக்கே வரல. ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் ஆன ட்ரஸ்ட்டா இருந்தா, 2022 ஜூலை 18-க்கு அப்பறம் குடியிருப்பு வாடகைக்கு 18 சதவீதம் வரிய அவங்கதான் நேரா கட்டணும், உங்க வாடகைல புடிக்க விடாதீங்க.

அடுத்து வீட்டுக்குள்ள என்ன நடக்கும்ங்கறது. எங்க ஃபிளாட்ல இருந்த குடும்பம் கொலுசு வேலைக்காரங்க, செவ்வாய்ப்பேட்டைல இருந்து வெள்ளிய வாங்கிட்டு வந்து வீட்டுலயே கோத்துக் குடுக்கறாங்க. அது ஒண்ணும் தொந்தரவு இல்ல, பாயப் போட்டு உக்காந்து பண்ற வேல. ஆனா கொஞ்ச நாள்ல அந்த வீட்டம்மாவோட தம்பி வெள்ளிய சூடாக்கி ஒட்டற பத்தவைப்பு வேலயும் ஆரம்பிச்சிருக்காரு, கேஸ் டார்ச், ஆசிட் எல்லாம். நான் போய் பாத்தப்ப பாத்ரூம் டைல்ஸ் பளபளப்பு போய் சொரசொரன்னு வெள்ளையா அரிச்சுக் கெடந்துச்சு, சமையல் மேடைக்கு மேல சுவரு கருப்பு. கீழ்வீட்டு அண்ணன் அசோசியேஷன் மீட்டிங்ல என்னத்தான் கேட்டாரு, ட்ரஸ்ட்ட இல்ல. அவங்க பொழப்ப குத்தம் சொல்ல முடியாதுங்க, வீட்டுல வேல செய்யாம சேலத்துல பாதி குடும்பம் சாப்பிடாது. அதனால "தொழில் செய்யக் கூடாது"னு பொத்தாம்பொதுவா எழுதறதுல பிரயோஜனம் இல்ல. கோக்கறது, தைக்கறது, டப்பால அடைக்கறது சரி. நெருப்பு, ஆசிட், மோட்டார் வெச்ச மெஷின் கூடாதுன்னு பிரிச்சு எழுதுங்க. வீட்டு கனெக்‌ஷன்ல மெஷின் ஓட்டினா ஈபில அபராதம் வர்றதும் உங்க பேருக்குத்தான்.

ஏற்காட்டுல ஃபிளாட் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, அங்க ஈரம்தான் செலவு. சுவத்துல பூசணம் யார் துடைக்கணும், யார் பெயின்ட் அடிக்கணும்னு மொதல்லயே பேசிடுங்க.

சாவி குடுக்கற அன்னிக்கு ட்ரஸ்ட் ஆளையும் அந்தக் குடும்பத்தயும் கூட வெச்சுக்கிட்டு ரூம் ரூமா வீடியோ எடுங்க, குழாய், சிங்க்குக்கு கீழ, பாத்ரூம் டைல்ஸ் எல்லாம். ஈபி மீட்டர் ரீடிங்க ஃபோட்டோ எடுத்து மூணு பேரும் இருக்க வாட்ஸப் குரூப்ல போட்டுடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, முன்னாடியே சொல்லிட்டு, போய் பாக்கறதுக்கு அக்ரிமென்ட்லயே எடம் வெச்சுக்குங்க. நான் பதினாலு மாசம் கழிச்சுத்தான் போனேன்.