தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க

வாங்கி வந்ததும் தக்காளியை அப்படியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கொட்டுறீங்களா? ரசத்தில் வாசமே இல்லைன்னா காரணம் அங்கேதான் இருக்கலாம்.

செடியிலிருந்து பறித்த பிறகும் தக்காளிக்கு உயிர் இருக்கு. தக்காளிக்கே உரிய அந்த மணத்தைத் தரும், காற்றில் ஆவியாகும் பொருள்களை அது தொடர்ந்து தயாரிச்சுக்கிட்டே இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் 7 நாள் வைத்துப் பார்த்தாங்க. சர்க்கரையும் புளிப்பும் பெரிசா மாறலை. மணம் மட்டும் வெகுவாகக் குறைஞ்சுபோச்சு. மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில குளிரில் அடங்கிப்போயிடுது. வெளியே எடுத்து வைத்தாலும் முழுசா மீளலை. ஆனால் ஒன்றிரண்டு நாள் குளிரால் அவ்வளவு பாதிப்பில்லை.

அதனால மூணு நாலு நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க. காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி, ஒண்ணுமேல ஒண்ணு அழுத்தாமல் தட்டில் பரப்பி, வெயில் படாத இடத்தில் வையுங்க. பழத்தின் ஈரம் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாத்தான் வெளியேறும். தொட்டால் குழையுற அளவுக்குப் பழுத்ததை மட்டும் ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்க, அதையும் ரெண்டு நாளுக்குள் சமைச்சுடுங்க. கோடையில் வீடு அனலாக் கொதிச்சா இதுக்கு விதிவிலக்கு உண்டு. அழுகிப்போறதுக்கு மணம் குறைஞ்ச தக்காளியே மேல்.

நறுக்கின துண்டு மட்டும் எப்பவும் மூடி போட்டு ஃபிரிட்ஜில்தான்.