போலீஸ் சம்பளத்தை நாட்டுக்கு நாடு ஒப்பிடுறது எப்படி

ரெண்டு நாட்டு போலீஸ் சம்பளத்தை ஒப்பிடணும்னா எல்லாரும் எடுத்ததும் டாலருக்கு மாத்திப் பாக்குறாங்க. அதை கடைசிக்கு வைங்க.

முதல்ல ஒரே நிலையில இருக்குற ஆளை எடுங்க, புதுசா சேர்ந்தவருக்குப் புதுசா சேர்ந்தவர். அமெரிக்காவுல 2023 மே கணக்குல ரோந்து போலீஸுக்கு வருஷத்துக்கு 72,280 டாலர்னு வருது, ஆனா அது எல்லாரையும் சம்பள வாரியா வரிசையில நிறுத்தினா நடுவுல நிக்கிறவரோட சம்பளம், பல வருஷம் சர்வீஸ் போட்டவங்களும் அதுல இருக்காங்க, அதைக் கொண்டுபோய் இன்னொரு நாட்டு ஆரம்ப சம்பளத்தோட வெச்சா கணக்கே தப்பு.

அடுத்தது பேசிக், அதாவது படிகள் சேராத அடிப்படை சம்பளம், அதை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. டெல்லி போலீஸ் கான்ஸ்டபிளுக்கு ஆரம்ப பேசிக் 21,700 ரூபா. 2024 கடைசியில டிஏ, அதாவது அகவிலைப்படி, 53 சதவீதம், அது 11,501. எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப்படி, 30 சதவீதம், 6,510. இது மூணும் சேர்ந்தே மாசம் 39,711, வருஷத்துக்கு 4,76,532. குவார்ட்டர்ஸ்ல இருந்தா எச்ஆர்ஏ வராது, ஆனா வெளிய வாடகையும் குடுக்க வேணாம், அதனால அதையும் வருமானமாவே எண்ணுங்க. அதே நேரத்துல இங்கிலாந்துல போலீஸுக்கு ஆரம்ப சம்பளம் வருஷத்துக்கு 29,907 பவுண்டு.

இப்போ பிபிபி, அதாவது வாங்கும் சக்தி. அமெரிக்காவுல ஒரு டாலருக்கு வாங்குறதை இந்தியாவுல வாங்க உத்தேசமா 20 ரூபா, பிரிட்டன்ல 0.7 பவுண்டு. உலக வங்கி தளத்துல வருஷவாரியா கிடைக்கும், சம்பள வருஷமும் பிபிபி வருஷமும் ஒண்ணா இருக்கணும். உள்ளூர் பணத்தை நேரா அந்த எண்ணால வகுங்க, டாலருக்கு மாத்தின பிறகு வகுக்காதீங்க. வருஷத்துக்கு டெல்லிக்கு 23,800, இங்கிலாந்துக்கு 42,700 பிபிபி டாலர் கிட்ட வரும். மார்க்கெட் ரேட்ல, டாலர் 84 ரூபான்னு போட்டா, ஆறரை மடங்குக்கு மேல தெரிஞ்ச வித்தியாசம் இங்க ரெண்டு மடங்குகூட இல்ல. ஆனா வெளிநாட்டுல படிப்பு, விமான டிக்கெட் மாதிரி செலவுக்கு பிபிபி உதவாது, அங்க மார்க்கெட் ரேட்தான்.

பிடித்தத்தையும் கழிங்க. அந்த நேரத்துல இங்கிலாந்துல பென்ஷனுக்கே 13.44 சதவீதம் போச்சு, இங்க என்பிஎஸ்ல, அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்துல, பேசிக்கும் டிஏவும் சேர்ந்ததுல 10 சதவீதம்.

தயவுசெஞ்சு வேலை நேரத்தை விட்டுடாதீங்க, எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான். 2019ல வந்த இந்திய போலீஸ் நிலை பத்தின ஆய்வுல சராசரியா ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலைன்னு வந்துச்சு. வாரம் ஆறு நாள்னு வெச்சாலே 84 மணி நேரம், இங்கிலாந்துல 40, அதுக்கு மேல போனா ஓவர்டைம். மேல வந்த பிபிபி டாலரை வருஷத்து மொத்த மணி நேரத்தால வகுத்தா மணிக்கு இங்க 5.4, அங்க 20.5. ரெண்டு மடங்குக்குக் கீழ வந்த வித்தியாசம் திரும்பவும் நாலு மடங்கு பக்கத்துல போய் நிக்குது.