காலண்டர் அட்டையில் ஒரு சிக்னல் கேபின்: லீவரை லீவர் பூட்டுவது எப்படி?

பழைய ரயில்வே சிக்னல் கேபினில் வரிசையாக நிற்கும் லீவர்களில் சில, எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. அது பழுதல்ல. வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளம்) லூப் லைனுக்கு, அதாவது பக்கத்துத் தடத்துக்கு, திரும்பியிருக்கும்போது மெயின் லைனுக்கு சிக்னல் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி பாயிண்டையும் சிக்னலையும் சேர்த்து இயக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1870இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டாப்பெட் முறை (பட்டையில் உள்ள வெட்டுக்குள் ஒரு துண்டு விழுந்து பூட்டுவது) அட்டையில் செய்து பார்க்க வசதியானது. 1903இல் கட்டிய ஷ்ரூஸ்பரி கேபினில் 180 லீவர்கள். நமக்கு மூன்று போதும்.

தேவை: இரண்டு பழைய தினசரி காலண்டர் அட்டைகள், கத்தி, ஸ்கேல், பசை. பார்சல் பெட்டி அட்டை வேண்டாம், முனை நசுங்கிவிடும்.

1. முதலில் விதியை எழுதுங்கள்

1 மெயின் சிக்னல், 2 பாயிண்ட், 3 லூப் சிக்னல். பிரிட்டிஷ் வழக்கப்படி 1, 3 சிவப்பு, 2 கறுப்பு. விதி இரண்டே வரி:

- 2 நார்மலில் (இழுக்காத நிலை, மெயின் லைனுக்கு) இருந்தால்தான் 1 வரும்.
- 2 ரிவர்ஸில் (இழுத்த நிலை, லூப் லைனுக்கு) இருந்தால்தான் 3 வரும்.

1, 3 இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்று தனியாக எழுத வேண்டியதில்லை. பாயிண்ட் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இருக்காது, அதனால் அந்த விதி தானாகவே வந்துவிடுகிறது.

2. பட்டைகள்

4 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். இவைதான் டாப்பெட், நிஜத்தில் லீவரோடு சேர்ந்து நகரும் இரும்புப் பட்டை. அடி அட்டையில் 4 செ.மீ. இடைவெளி விட்டு மூன்றையும் அடுக்கி, நடுவில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். இது நார்மல் நிலை. உங்கள் பக்கம் 3 செ.மீ. இழுத்தால் ரிவர்ஸ்.

3. வெட்டுகள்

எல்லா வெட்டும் 'வி' வடிவம்: வாய் 2 செ.மீ., ஆழம் 1 செ.மீ.

- பட்டை 1: வலது ஓரம், கோட்டிலேயே.
- பட்டை 2: இடது ஓரம் கோட்டிலேயே, வலது ஓரம் கோட்டிலிருந்து 3 செ.மீ. மேலே (உங்களுக்கு எதிர்ப்பக்கம்).
- பட்டை 3: இடது ஓரம், கோட்டிலேயே.

பட்டை 2இல் வலது வெட்டு ஏன் தள்ளிப் போகிறது? பட்டையை இழுத்த பிறகுதான் அது கோட்டுக்கு வரவேண்டும், அதற்காக.

4. பூட்டுத் துண்டு

2 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள், இரு முனையும் 'வி'க்குள் உட்காரும்படி கூராக. நீளம் முனையிலிருந்து முனைக்குச் சரியாக 5 செ.மீ. முதல் தடவை நான் 4 செ.மீ. வெட்டினேன், எல்லா லீவரும் ஜாலியாக வந்தன. அடுத்து 6 வெட்டினேன், ஒன்றும் அசையவில்லை. இடைவெளி 4, அதோடு ஒரு வெட்டின் ஆழம் 1. துண்டின் ஒரு முனை எப்போதும் ஏதாவது ஒரு வெட்டுக்குள் இருந்தே ஆகவேண்டும். இன்டர்லாக்கிங் முழுக்க அந்த 1 செ.மீ.யில்தான் இருக்கிறது.

பட்டைகளுக்கு நடுவே, துண்டு பக்கவாட்டில் ஓட 2 செ.மீ. பாதை மட்டும் விட்டு, மேலும் கீழும் அட்டை ஒட்டுங்கள். வெளி ஓரங்களிலும் ஒட்டினால் பட்டைகள் நழுவாது. நூலிழை தளர்வு இருக்கட்டும். கடைசியாகக் குறுக்கே ஒரு மூடி, துண்டு எகிறாமல் இருக்க.

5. இழுத்துப் பாருங்கள்

எல்லாம் நார்மல். 1ஐ இழுங்கள்: வெட்டின் சரிவு துண்டை நெம்பி 2இன் வெட்டுக்குள் தள்ளும். இப்போது 2 வராது; துண்டு திரும்பி வர வழியில்லை, பின்னால் பட்டை 1இன் நேர் ஓரம் சுவர்போல நிற்கிறது. 1ஐ மீண்டும் உள்ளே தள்ளிவிட்டு 2ஐ இழுங்கள். 1 பூட்டிக்கொள்ளும், 3 விடுபடும். 3ஐயும் இழுத்துவிட்டால் 2 ரிவர்ஸிலேயே சிறைபடும்.

ஒன்று கவனியுங்கள்: பாயிண்ட் மேல் ரயில் நிற்கிறதா என்று இந்த அட்டைக்கும் தெரியாது, டாப்பெட் இரும்புக்கும் தெரியாது. அதை ஆள் பார்க்கவேண்டும்; இல்லையென்றால் ட்ராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் ரயில் இருப்பதைக் கண்டறியும் மின்சுற்று) வேண்டும். 1889இல் அயர்லாந்தின் ஆர்மா விபத்தில் 80 பேர் இறந்த பிறகு பிரிட்டன் இன்டர்லாக்கிங்கைச் சட்டமாக்கியது. ஆனால் அந்த விபத்து கழற்றிவிட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு நடந்தது. எந்த லீவரும் அதைத் தடுத்திருக்காது. அதே சட்டம் பிளாக் முறையையும் (ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்) தொடர் பிரேக்கையும் (எல்லாப் பெட்டியிலும் சேர்ந்து பிடிப்பது) சேர்த்தே கட்டாயமாக்கியது அதனால்தான்.

6. இது ஓடினால் அடுத்தது

நீல லீவர். பாயிண்ட் அசையாமல் தாழ்ப்பாள் போடுவது அதன் வேலை. தனியாக இரண்டு பட்டை எடுங்கள். நீலத்துக்கு ஒரே வெட்டு, கோட்டில். பாயிண்ட் பட்டையில் ஒரே ஓரத்தில் இரண்டு வெட்டு: ஒன்று கோட்டில், இன்னொன்று 3 செ.மீ. மேலே. நார்மலிலும் தாழ்ப்பாள் விழும், ரிவர்ஸிலும் விழும். பாயிண்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நீலத்தை இழுத்துப் பாருங்கள், வராது.