ஜப்பானிய புக்ஸ ஜாலியா படிக்கறது எப்படி? என்5 முடிச்சவங்களுக்கு ஒரு செய்முறை

ஜப்பானீஸ் கத்துக்கறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க, சில பேர் ஐடி ப்ராஜெக்ட்டுக்காக, சில பேர் அனிமே பைத்தியத்துல, ஜூலைலயும் டிசம்பர்லயும் ஜேஎல்பிடிங்கற ஜப்பானீஸ் மொழித் தேர்வு எழுதி என்5, என்4 எல்லாம் (என்5 தான் அடிமட்டம், என்1 உச்சம்) பாஸ் பண்ணிடறாங்க, ஆனா ஒரு கதை புக்காவது முழுசா படிச்சீங்களான்னு கேட்டா மட்டும் "அய்யோ அதுக்கு என்2 வேணுமே"ன்னு பின்வாங்கிடறாங்க. வேணாம்ங்க. என்5 லெவல்லயே ஆரம்பிக்கலாம், பரிட்சைக்கு இல்ல, சும்மா சந்தோஷத்துக்கு. அதுலயும் தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, நம்ம டெக்ஸ்ட்புக் எல்லாம் இங்கிலீஷ் வழியா வர்றதால அது நம்ம கண்ணுலயே படறதில்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஹிரகானா, கடகானான்னு ஒலிய எழுதற ரெண்டு எழுத்து வகையும் தடுமாறாம படிக்க வரணும். அப்புறம் தே-ஃபார்ம் (நம்ம வினையெச்சம் மாதிரி), ப்ளெயின் ஃபார்ம் (மரியாதை ஒட்டு இல்லாத சாதா வினை) தெரியணும், ஏன்னா கிளாஸ்ல மொதல்ல சொல்லித்தர்ற "மாசு" மரியாதை வடிவத்த மட்டும் வெச்சிக்கிட்டு கதைக்குள்ள போனா ரெண்டாவது வரியிலயே நின்னுடுவீங்க. கான்ஜி (அர்த்தத்த காட்டற சீன எழுத்து)? அரசாங்க லிஸ்ட்ல 2136 இருக்கு, அதெல்லாம் முடிச்சிட்டு தான் படிப்பேன்னா நடக்கவே நடக்காது. அடிப்படையா ஒரு நூறு போதும், மிச்சத்துக்கு ஃபுரிகானா இருக்கு, அதாவது கான்ஜிக்கு பக்கத்துலயோ மேலயோ பொடி எழுத்துல ஹிரகானாவுல உச்சரிப்பு போட்டிருப்பாங்க.

ஸ்டெப் 1: இங்கிலீஷ கழட்டி வைங்க

இது தான் முக்கியமான ஸ்டெப், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

"கினோ கத்தா ஹோன்". வார்த்தைக்கு வார்த்தை பாத்தா "நேத்து வாங்கின புக்". வரிசை கூட மாறல பாருங்க. இதையே இங்கிலீஷ்ல யோசிச்சா மொதல்ல புக்குக்கு போயி, அப்புறம் வாங்கினதுக்கு வந்து, கடைசில நேத்துக்கு வரணும், வாக்கியத்த தலைகீழா திருப்பணும். வரி நீளமாக நீளமாக இந்த திருப்பற வேலையே மூளைய பிழிஞ்சிடும், நாலு பக்கத்துல தூக்கம் வந்துடும். நமக்கு அந்த வேலையே இல்ல. வினை கடைசில வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயருக்கு பின்னாடி வரும், எல்லாம் பழக்கப்பட்ட வீடு மாதிரி தான்.

துணை வினைகள் இன்னும் அட்டகாசம். "யோந்தே மிரு"ன்னா படிச்சுப் பாக்கறது, "கத்தே ஓகு"ன்னா வாங்கி வைக்கறது, "தபேதே ஷிமத்தா"ன்னா சாப்ட்டுட்டான். டெக்ஸ்ட்புக்ல இது ஒவ்வொண்ணுக்கும் அரை பக்கம் இங்கிலீஷ் விளக்கம் இருக்கும், நம்மாளுங்களும் அத மனப்பாடம் பண்ணிட்டு இருக்காங்க, தேவையா சொல்லுங்க.

அதனால படிக்கும்போது எடது பக்கத்துலேர்ந்து (செங்குத்தா இருந்தா மேலேர்ந்து) அப்படியே போங்க, திரும்பி வராதீங்க. மனசுல ஏதாவது மொழில ஓடியே ஆகணும்னா பேச்சுத் தமிழ்ல ஓடட்டும். கொஞ்ச நாள்ல அதுவும் தேவைப்படாது.

ஒரே ஒரு எடத்துல தமிழ் கைய விட்டுடும். நமக்கு வந்தான், வந்தா, வந்தேன்னு வினையிலயே ஆள் தெரிஞ்சிடும், அங்க எல்லாத்துக்கும் "கிதா" தான், எழுவாயையும் பாதி நேரம் விட்டுடுவாங்க. யாரு யார்கிட்ட பேசறாங்கன்னு குழம்பினா, வாக்கியத்தோட வால்ல என்ன ஒட்டு வருது, மரியாதையா பேசறாங்களா உரிமையா பேசறாங்களான்னு பாருங்க, முக்கால்வாசி அதுலயே பிடிபட்டுடும்.

ஸ்டெப் 2: வெக்கப்படற அளவுக்கு சுலபமான புக் எடுங்க

ஜப்பான்ல "ததோகு"ன்னு ஒரு முறை இருக்கு, நெறைய படிக்கறதுன்னு அர்த்தம். இதுக்குன்னே ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு இருக்கு, அவங்க சைட் ததோகு டாட் ஓஆர்ஜி, அங்க ஃப்ரீயாவே நெறைய குட்டி புக்ஸ் கெடைக்கும். லெவல் 0லேர்ந்து 5 வரைக்கும் பிரிச்சிருக்காங்க, லெவல் 1க்கு சுமார் 350 வார்த்தை தெரிஞ்சா போதும், லெவல் 4 வரும்போது சுமார் 1300. கான்ஜிக்கு ஃபுரிகானா இருக்கும், படமும் இருக்கும். நாட்டுப்புறக் கதைகள், சாப்பாடு, ஊர் சுத்தறது, கொஞ்சம் பேய்க்கதைன்னு கலந்து கட்டி இருக்கும்.

என்4 பாஸ் பண்ணிட்டேனேன்னு நேரா லெவல் 3க்கு போகாதீங்க. லெவல் 0லயே ஆரம்பிங்க, ஒரே உக்கார்ல அஞ்சாறு புக் முடிச்சிடலாம், அந்த "முடிச்சிட்டேன்" ஃபீலிங் ரொம்ப வேணும். மொழியாசிரியர் பால் நேஷனும் ஹூவும் 2000ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 100 வார்த்தையில 98 தெரிஞ்சா தான் கதைய யார் உதவியும் இல்லாம நல்லா புரிஞ்சிக்க முடியும்ங்கற கணக்கு அதுலேர்ந்து வந்தது. நாம வழக்கமா எடுக்கற புக்ல நூத்துக்கு இருவது தெரியாது, அப்புறம் எங்கேர்ந்து ஜாலி வரும்?

ஸ்டெப் 3: ததோகுவோட நாலு ரூல்

சுலபமானதுலேர்ந்து ஆரம்பி, டிக்‌ஷனரி பாக்காத, புரியாத எடத்த தாண்டிப் போ, பிடிக்கலன்னா அந்த புக்க வெச்சிட்டு வேற எடு. அவ்ளோ தான்.

ரெண்டாவது ரூல் தான் நம்மாளுங்களுக்கு கை நடுங்கும். ஸ்கூல்லேர்ந்து ஓரத்துல அர்த்தம் எழுதி எழுதி பழகிட்டோம்ல. என் கருத்து என்னன்னா மொதல் தடவ படிக்கும்போது பாக்கவே பாக்காதீங்க, கதை முடிஞ்சப்புறமும் ஒரு வார்த்தை உறுத்திட்டே இருந்தா அத மட்டும் பாருங்க. நாலாவது ரூலும் சும்மா இல்ல, காசு குடுத்து வாங்கிட்டமேன்னு போரடிக்கற புக்க இழுத்துட்டு போனா படிக்கற ஆசையே போயிடும்.

ஸ்டெப் 4: குழந்தைங்க புக்ல உஷாரா இருங்க

குழந்தை புக் தானே ஈஸின்னு நெனைப்போம், அப்படி இல்ல. முழுக்க ஹிரகானாவுல இருக்கும், கான்ஜி இல்லாததால எங்க வார்த்தை முடியுதுன்னே சில சமயம் தெரியாது. அங்க மூணு வயசு குழந்தைக்கு தெரிஞ்ச வார்த்தை நம்ம டெக்ஸ்ட்புக்ல வந்திருக்காது. ஆனா கிரா கிரா, பெக்கோ பெக்கோன்னு பக்கத்துக்கு பக்கம் வர்ற இரட்டைச் சொல்லு நமக்கு பயமே இல்ல, பளபள, சலசலன்னு வளந்தவங்க தானே. ததோகு லெவல் 2 தாண்டினப்புறம் தொடுங்க, நல்லா இருக்கும்.

ஸ்டெப் 5: மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்)

சின்ன பசங்க, டீன் ஏஜ் பசங்களுக்கான மங்காவுல பொதுவா ஃபுரிகானா இருக்கும், பெரியவங்களுக்கானதுல பெரும்பாலும் இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிள் பக்கத்த ஒரு தடவ பாத்துடுங்க. வாள் சண்டை, மாயாஜாலம் இதெல்லாம் இப்போதைக்கு வேணாம், அந்த உலகத்துக்குன்னு தனி வார்த்தை வந்து கொல்லும். வீடு, ஸ்கூல், சமையல்னு ஓடற கதை எடுங்க. வலதுலேர்ந்து எடதுக்கு படிக்கணும், நம்ம கணக்குல கடைசி பக்கம் தான் அங்க மொத பக்கம்.

ஸ்டெப் 6: உண்மையான இலக்கியம், அதுவும் ஃப்ரீயா

அஓசோரா புன்கோன்னு ஒரு சைட், 1997லேர்ந்து ஓடுது, தன்னார்வலர்கள் டைப் பண்ணி ஏத்தற நூலகம். காப்பிரைட் முடிஞ்ச எழுத்தாளர்கள் எல்லாம் இருக்காங்க. ஜப்பான்ல எழுத்தாளர் எறந்தப்புறம் ஓடற காப்பிரைட்ட 2018 கடைசில 50 வருஷத்துலேர்ந்து 70 ஆக்கிட்டாங்க, அதனால பெரும்பாலும் 1967 வரைக்கும் எறந்தவங்களோடது தான் இருக்கும், அடுத்த செட்டு 2039ல தான்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. 1946ல எழுத்து முறைய மாத்தினாங்க, அதுக்கு முந்தின பழைய எழுத்துலயே சில படைப்புகள் இருக்கும், அத தொறந்தா தலை சுத்தும். லிஸ்ட்ல "ஷின்ஜி ஷின்கனா"ன்னு போட்டிருக்கறத மட்டும் எடுங்க, அது புது எழுத்து. மொதல் கதையா நீமி நான்கிச்சியோட "கோன் கிட்சுனே" எடுக்கலாம், 1932ல வந்த ஒரு குட்டி நரியோட கதை, அங்க நாலாங்கிளாஸ் பாடத்துல வருது. சின்னது தான், ஆனா முடிவு ஒரு மாதிரி பண்ணிடும், சொல்லிட்டேன்.

இந்த ஸ்டெப்ல மட்டும் யோமிதான்னு ஒரு ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கங்க, ஷிஃப்ட்ட அழுத்திட்டு வார்த்தை மேல மவுஸ வெச்சா அர்த்தம் வந்துடும். ஆனா எல்லா வார்த்தைக்கும் கொண்டு போய் வெக்காதீங்க, ஒரு பாராவுக்கு ஒண்ணுன்னு வெச்சிக்கங்க. அதுக்கு மேல தேவைப்பட்டா அந்த கதைய மூடிட்டு ததோகு லெவல் 3, 4ல இன்னும் ஒரு பத்து புக் முடிச்சிட்டு வாங்க, கதை எங்கயும் ஓடிடாது.