தொல்லை தரும் இயக்குநரை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தினர் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் ஓர் இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்தையும் சண்டையில் முடித்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் ஒருநாள், கம்பெனியின் சட்டக் கடமைகளைக் கவனிக்கும் கம்பெனி செயலரிடம் வந்து அவரை வெளியேற்ற வழி கேட்பார்கள். அப்போது வழிகாட்ட வேண்டிய இளம் செயலர்கள், என் தலைமுறையினர் தொழில் பழகிய காலத்தில் செய்த பிழைகளையே திரும்பவும் செய்வதைப் பார்க்கிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 169ஆவது பிரிவில் இதற்குத் தெளிவான வழியைத் தந்திருக்கிறது. படிவத்தில் எழுத்துப்பிழை, தாமதக் கட்டணம் போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, கம்பெனியையே தீர்ப்பாயத்துக்கு இழுத்துச் செல்லும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

இயக்குநர் குழுவே நீக்கிவிடலாம் என்று நம்புவது

தலைவர், நிர்வாக இயக்குநர் போன்ற பொறுப்புகளை இயக்குநர் குழு திரும்பப் பெறலாம். இயக்குநர் பதவியைப் பறிக்கும் உரிமையோ பொதுக்கூட்டத்தில் கூடும் பங்குதாரர்களுக்கே உண்டு. டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸின் இயக்குநர் குழு 2016 அக்டோபர் 24 அன்று சைரஸ் மிஸ்திரியைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஆனாலும் அவர் இயக்குநராகவே நீடித்தார். 2017 பிப்ரவரி 6 அன்று பங்குதாரர்களின் சிறப்புப் பொதுக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே அந்தப் பதவியும் அவரை விட்டுப் போனது.

அழைப்பை அனுப்பாமல், அவர் வரவில்லை என்று எழுதுவது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 167ஆவது பிரிவின்படி, 12 மாத காலத்தில் நடந்த இயக்குநர் குழுக் கூட்டங்கள் எதற்குமே வராத இயக்குநரின் பதவி தானாகவே காலியாகிவிடும். இதைப் படித்ததும் சிலருக்குக் குறுக்குவழி ஒன்று தோன்றிவிடுகிறது: அவருக்கு அழைப்பே அனுப்பாமல் ஓர் ஆண்டைக் கடத்தி, "விடுப்பும் கோரவில்லை, வரவும் இல்லை" என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுவது.

மேற்கு மாவட்டங்களில் உள்ள ஒரு நூற்பாலைக் குடும்பம் இப்படித்தான் செய்தது. தொல்லை தந்தவர், ஆலையை நடத்திய உடன்பிறந்தவர்களின் சித்தப்பா மகன். கணக்குகளைக் கேட்டுக் கூச்சலிடுவதும், மேசையைத் தட்டிவிட்டு வெளியேறுவதும் அவருடைய வழக்கம். அவருக்கு அழைப்பு அனுப்புவது நின்றது. அந்த ஆண்டின் நான்கு கூட்டங்களும் அவர் இல்லாமலே நடந்தன. நீக்கம் பதிவானதும் அவர் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகி, தமக்கு அழைப்பு அனுப்பியதற்கான சான்றை மட்டுமே கேட்டார். கம்பெனியிடம் ஒரு கூரியர் ரசீதோ, மின்னஞ்சலின் நகலோ இல்லை.

173ஆவது பிரிவு ஒவ்வோர் இயக்குநருக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அழைப்பு போய்ச்சேர வேண்டும் என்கிறது. அழைப்பு அனுப்பும் கடமையிலிருந்து தவறும் அலுவலருக்கு ரூ. 25,000 அபராதமும் உண்டு. அபராதம் பெரிய இழப்பன்று. ஓர் இயக்குநருக்கு அழைப்பு இல்லாமல் கூடிய கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது. ஆகவே அந்த நூற்பாலையில் ஓர் உறவினரின் நீக்கத்தோடு சேர்ந்து, அந்த ஓராண்டில் நிறைவேற்றிய பங்கு ஒதுக்கீடு, வங்கிக் கடனுக்கான தீர்மானம் எல்லாமே கேள்விக்குள்ளாயின. வங்கி நடைமுறை மூலதனக் கடனை உயர்த்தித் தர மறுத்தது. இறுதியில் சித்தப்பா மகன் கேட்ட விலைக்கே அவருடைய பங்குகளை வாங்கிச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அந்த உடன்பிறந்தவர்களிடம் வாக்குரிமையில் தெளிவான பெரும்பான்மை இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 169ஆவது பிரிவின் கீழ் நீக்கத்துக்குச் சாதாரணத் தீர்மானமே போதும். பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தால் முடிந்துவிடும். நேர்வழியில் சென்றிருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கக்கூடிய காரியத்துக்காக, அவர்கள் ஓராண்டு பொய் எழுதினார்கள். அவர்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் தொழில் படித்தவர் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எவ்வளவு தொல்லை தருபவராக இருந்தாலும், பதவியில் இருக்கும் கடைசி நாள் வரை அவருக்கு அழைப்பை அனுப்புங்கள். அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் உரிய சான்றைக் கோப்பில் வையுங்கள்.

தேதியிடாத பதவி விலகல் கடிதம்

பிறகு தேதி போட்டுப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது.

ஆடிட்டர் மேசையில் கிடக்கும் அந்த இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்துக் கருவி

அவர் பெயரில் படிவம் தாக்கல் செய்ய அதைத் தொடாதீர்கள், உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிறப்பு அறிவிப்பையும் பதிலுரிமையையும் சடங்காக நடத்துவது

நீக்கத் தீர்மானத்துக்கு 115ஆவது பிரிவின்படி சிறப்பு அறிவிப்பு, அதாவது அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரப்போவதாகக் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, தேவை. வாக்குரிமையில் குறைந்தது 1 சதவீதம் உள்ள பங்குதாரர்கள் கையெழுத்திட்டு, கூட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு முந்தாமலும் 14 நாளுக்குக் குறையாமலும் அதைக் கம்பெனிக்குத் தர வேண்டும். தரும் நாளையும் கூட்ட நாளையும் அந்த 14 நாளில் சேர்க்கக்கூடாது. கிடைத்தவுடன் அதன் நகலைச் சம்பந்தப்பட்ட இயக்குநருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் எழுதித் தரும் பதிலைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால், அவர் கேட்டுக்கொண்டால் கூட்டத்தில் படிக்க வேண்டும். அவர் பங்குதாரராக இல்லாவிட்டாலும் கூட்டத்தில் பேச உரிமையுண்டு. முடிவு முன்பே தெரிந்திருக்கிறது என்பதற்காக அவரைப் பேசவிடாமல் செய்தால், நல்ல பெரும்பான்மையோடு நிறைவேறிய தீர்மானமும் தீர்ப்பாயத்தில் நிற்காமல் போகலாம்.

நீக்கக் கடிதத்தைக் குற்றப்பத்திரிகையாக எழுதுவது

பங்குதாரர்கள் இயக்குநரை நீக்கக் காரணம் கூறக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று எஸ்கார்ட்ஸ் வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரூபிக்க முடியாத திருட்டுக் குற்றச்சாட்டைக் கடிதத்தில் ஏற்றி, அவதூறு வழக்கைத் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

தலைகளை எண்ணாமல் தொடங்குவது

பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். குழுக் கூட்டத்தின் குறைவெண் வரம்பும் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை) இரண்டுக்குக் குறையக்கூடாது. இருவரே உள்ள கம்பெனியில் ஒருவரை நீக்கினால், மிஞ்சும் ஒருவர் குறையை நிரப்பவும் பொதுக்கூட்டத்தைக் கூட்டவும் மட்டுமே செயல்பட முடியும். புதியவரின் நியமனத்துக்கும் சேர்த்தே சிறப்பு அறிவிப்பு கொடுத்துவிட்டால், அதே கூட்டத்தில் அவரை நியமித்துவிடலாம்.

அதற்கு முன்பே வேறொரு முட்டுக்கட்டை வரக்கூடும். நீக்கப்படவிருப்பவர் குழுக் கூட்டத்துக்கு வராமல் இருந்தாலே போதும், பொதுக்கூட்டத்தைக் கூட்டும் தீர்மானத்தை நிறைவேற்ற ஆள் போதாது. அந்த நிலையில் போலிக் குறிப்பு எழுதத் தூண்டப்படுபவர்கள் 100ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். வாக்குரிமையுள்ள செலுத்திய மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் எழுத்தில் கோரினால், 21 நாளுக்குள் அழைப்பு விடுத்து 45 நாளுக்குள் பொதுக்கூட்டத்தை நடத்த இயக்குநர் குழு கடமைப்பட்டது. குழு தவறினால், கோரியவர்களே மூன்று மாதத்துக்குள் கூட்டத்தைக் கூட்டலாம். அதற்கான நியாயமான செலவைக் கம்பெனி திருப்பித் தர வேண்டும். கடமை தவறிய இயக்குநர்களுக்குரிய கட்டணத்திலிருந்தும் ஊதியத்திலிருந்தும் அத்தொகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.