உல்லனா, அக்ரிலிக்கா? லேபிள் இல்லாத நூலைக் கண்டுபிடிப்பது எப்படி

"உல்லன் நூல்" என்று கேட்டால் நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தான் எடுத்துத் தருவார்கள். அது தெரியாமல் நானும் ஒரு கரித்துணி பின்னி, தோசைக்கல்லைப் பிடித்தேன். நூல் இளகிக் கல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் லேபிள் இல்லாத நூல்கண்டு வந்தால் முதல் வேலை நெருப்புதான்.

1. தயார் செய்யுங்கள்
எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், இடுக்கி, மெழுகுவர்த்தி. ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். 10 செ.மீ. நூலை இடுக்கியில் பிடியுங்கள். கையில் வேண்டாம், செயற்கை நூல் உருகிச் சொட்டினால் தோலில் ஒட்டிவிடும்.

2. எரித்துப் பாருங்கள்
தீயில் விடுவதற்கு முன்பே கவனியுங்கள். கிட்டே கொண்டுபோனதும் சுருங்கிப் பின்வாங்கினால் செயற்கையாக இருக்கலாம். பருத்தி அப்படிச் சுருங்காது, சட்டென்று பற்றும். தீயை ஊதி அணைத்தாலும் நுனியில் கங்கு ஊர்ந்துகொண்டே இருக்கும். காகிதம் எரிந்த வாடை, ஊதினால் பறக்கும் சாம்பல்.

கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் வாடை அடிக்கும். தீயை விட்டு எடுத்தால் பெரும்பாலும் தானாக அணையும். பட்டுப்புடவை வாங்கும்போது ஓர் இழையை எரித்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான்.

ஆறியதும் நுனியை நசுக்குங்கள். கம்பளியின் கரி பொடியாகும். அக்ரிலிக், பாலியஸ்டர் என்றால் கறுப்பாகக் கெட்டியான மணி, நகத்துக்கு அசையாது. இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கரித்துணிக்கு இரண்டுமே ஆகாது.

3. சந்தேகமா? ப்ளீச்
முடி வாடையும் அடிக்கிறது, கெட்டி மணியும் நிற்கிறது என்றால் கலப்பு நூல். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும் ப்ளீச்சைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒரு துண்டு நூலை ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கம்பளியும் பட்டும் கரைந்துபோகும். மிச்சம் கிடப்பது மற்றது. வினிகரோ ஆசிட்டோ அதில் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

4. பருத்தியா, விஸ்கோஸா?
விஸ்கோஸ் என்பது மரக்கூழ் போன்றவற்றிலிருந்து செய்யும் நூல். இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும். அதனால் நூலின் நடுவில் மட்டும் நனைத்து, இரு பக்கமும் இழுங்கள். ஈரம் பட்ட இடத்திலேயே லேசாக அறுந்தால் விஸ்கோஸ். ஈரத்தில் பருத்தி இன்னும் உறுதியாகும். "மூங்கில் நூல்" என்று விற்பதும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். கையில் வழுவழு என்று இருக்கும், அழுத்தித் துவைத்தால் தாங்காது.