லொத்தர் விழாட்டியும் நம்பரைப் பிரிச்சுப் பாக்கலாம்

போன கிழமை யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில ஒரு லொத்தர் ரிக்கற் எடுத்தனான், வழமைபோல ஒண்டும் விழேல்ல, ஆனா நம்பர் 451836 எண்டு கிடந்திச்சு, அது நல்ல நம்பர். இப்பிடி ஒரு பெரிய முழுவெண் கையில கிடைச்சா அது என்ன வகை எண்டு கண்டுபிடிக்க கல்குலேட்டர் வேண்டாம், கொப்பி ஒற்றை ஒண்டு காணும்.

முதல் வாலைப் பாருங்கோ. கடைசி ரெண்டு இலக்கம் 36, அப்ப 4ஆல வகுபடும். எல்லா இலக்கத்தையும் கூட்டினா 27, அப்ப 9ஆலயும் வகுபடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

7, 11, 13 மூண்டுக்கும்தான் பெடியள் முழிக்கிறவை. 7×11×13 எண்டது 1001, அதால பின் மூண்டு இலக்கத்தில இருந்து முன் மூண்டு இலக்கத்தைக் கழிச்சாக் காணும்: 836 − 451 = 385. இந்த மூண்டில எது 385ஐ வகுக்குதோ அது பெரிய எண்ணையும் வகுக்கும். 7 சரி, 11 சரி, 13 இல்லை. 385 அஞ்சாலயும் வகுபடுது தானே எண்டு அதையும் எழுதிப்போடாதேங்கோ, இந்தக் கழித்தல் வேலை அந்த மூண்டுக்கு மட்டும்தான்.

இனி 4, 9, 7, 11 எண்டு ஒவ்வொண்டா வகுங்கோ: 112959, 12551, 1793, கடைசியா 163. வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்ணெல்லாத்தாலயும் வகுத்துப் பாக்கோணும் எண்டு படிச்சுப்போட்டு, 451836க்கு 672 வரைக்கும் போகோணுமே எண்டு கனபேர் பயந்து விட்டிடுவினம், ஆனா வகுக்க வகுக்க அந்த எல்லையும் குறைஞ்சுகொண்டே வரும், 163க்கு வர்க்கமூலம் 13ஐயும் எட்டாது. 5 வகுக்காது, 2, 3, 7, 11ம் திரும்ப வகுக்காது. அப்ப 163 முதன்மை எண், வேலை முடிஞ்சுது.

451836 = 2² × 3² × 7 × 11 × 163

இனி வகை. சேர்த்தி எண், அதாவது சின்ன எண்களின்ர பெருக்கமா எழுதக்கூடியது. அடுக்குகளோட ஒண்டைக் கூட்டிப் பெருக்கினா 3×3×2×2×2 = 72 காரணி. பெரிய விசயமில்லை, 10080க்கே 72 இருக்கு. வர்க்க எண் இல்லை, ஏனெண்டா 7, 11, 163 எல்லாம் தனிய நிக்குது. மிகை எண், அதாவது தன்னை விட்டிட்டு மற்றக் காரணியளைக் கூட்டினா தன்னைவிடக் கூட வரும்; பாதி, மூண்டில ஒண்டு, ஆறில ஒண்டு, இந்த மூண்டையும் கூட்டவே சரியா 451836 வந்திடும், மிச்சக் காரணியெல்லாம் லாபம். 6ஐவிடப் பெரிய ஆறின்ர மடங்கு எல்லாத்துக்கும் இப்பிடித்தான்.

அந்த 163 சும்மா ஆளில்லை. e எண்ட மாறிலியின்ர (2.718...) அடுக்கில π√163 போட்டா தசமப் புள்ளிக்குப் பிறகு பன்னிரண்டு 9 வரும். 1975 ஏப்ரலில மார்ட்டின் கார்ட்னர் எண்ட அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் அது முழுவெண்ணேதான், ராமானுஜன் அப்பவே சொன்னவர் எண்டு எழுதி ஆக்களைப் பேக்காட்டினவர்.

மாமா அடுத்த ரிக்கற் எடுத்தவர், 451837. பக்கத்துப் பக்கத்து எண்ணுக்குப் பொதுக்காரணி 1 மட்டும்தான், அதால 2, 3, 7, 11, 163 ஒண்டும் அவருக்கு உதவாது. 5, 13ம் சரிவராது. 672 வரைக்கும் இன்னும் 114 முதன்மை எண் கிடக்கு, நேற்று இரவு அவர் 47ல நிண்டவர்.